பாறையிடம் விழுந்தவர்கள்

பத்து மணிக்குள் தோற்றுப்போன ஆட்கள் நான்கு பேர் வேண்டும். இதுவரை ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

வார்ப்பிடிப் பாதுகாப்பு அறக்கட்டளையின் செயலாளர் தையற்கடை வாசலில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இடுப்பில் கட்டிய தோல்வாரைப் பிடித்து எதிராளியை மல்லாத்துவதுதான் வார்ப்பிடி. நாட்டின் தேசிய விளையாட்டு. அதைப் பார்க்க யாரும் வருவதில்லை என்பதால் காப்பாற்ற ஓர் அறக்கட்டளை தேவைப்பட்டது. அதன் ஆலோசகரும் பழைய வீரருமான "பாறை", முந்தின நாள் மதியம் தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை.

வார்ப்பிடியில் ஒரு வழக்கம் உண்டு. வீரன் இறந்தால், களத்தில் அவனிடம் தோற்ற நால்வர்தான் சவப்பெட்டியைத் தூக்க வேண்டும். தூக்குமுன் ஒவ்வொருவரும், "நான் உன்னிடம் விழுந்தேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும்.

"நன்கொடை தர்றவங்க ரெண்டு பேர் கேமராவோட வந்து இறங்கிட்டாங்க," என்று காலையிலேயே அறக்கட்டளைத் தலைவி தொலைபேசியில் சொல்லிவிட்டார். "இந்த வழக்கத்தைக் கண்ணால பார்க்கணுமாம். இது நடக்கலேன்னா நாளைக்கே ஆபீசுக்குப் பூட்டு. உங்க மேஜை உள்ள மாட்டிக்கும், நீங்க வெளிய நிப்பீங்க. புரியுதா?"

புரிந்தது. இந்த வயதில் இன்னொரு மேஜை அவருக்கு எங்கும் கிடைக்காது.

யார் யார் தோற்றவர்கள் என்பதில் குழப்பமே இல்லை. பழைய சங்கக் கட்டடம் தீப்பிடித்து ஆட்டப் பதிவேடுகள் எல்லாம் சாம்பலான பிறகு, எந்த ஆட்டத்தில் யார் யாரை வென்றார்கள் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு விவரமாகச் சொன்னவர் பாறைதான். கொக்கி, சுத்தியல், ஏணி, எண்ணெய். எல்லாம் களத்துப் பட்டப்பெயர்கள். நால்வரும் உயிரோடு இருந்தார்கள். அதுவரைக்கும் அதிர்ஷ்டம்தான்.

தையற்கடைக்காரரான கொக்கி மிஷினை மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டார். "நானா? அவன்கிட்டயா? யாரு சொன்னா?"

"ஊருக்கே தெரியுமேங்கய்யா."

"நானும் இந்த ஊர்லதான் இருக்கேன். எனக்குத் தெரியாதே! தம்பி, அவன் வாரைச் சும்மா தொட்டாலே போதும். கட்டில்ல படுக்கிற மாதிரி அவனே படுத்துக்குவான்."

செயலாளர் அசரவில்லை. அறக்கட்டளையில் உதவி பெறும் பழைய வீரர்கள் அத்தனை பேருமே தோல்வி காணாதவர்கள். அப்படியானால் தோற்றவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று ஒருமுறை தலைவியிடம் கேட்டும் பார்த்திருக்கிறார். "அவங்க புத்தி வந்து வேற வேலைக்குப் போயிருப்பாங்க," என்றார் தலைவி.

அடுத்து சுத்தியல். மகள் வீட்டுக் கூடத்தில், வீங்கிய முழங்காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கொக்கி ஒத்துக்கிட்டானா?"

செயலாளர் ஒரு விநாடி யோசித்தார். "ஒத்துக்கிட்டாருங்கய்யா. சொல்லும்போதே குரல் கம்மிடுச்சு."

"அப்படியா?" சுத்தியல் உடனே தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் கொக்கியின் குரல் கம்மவில்லை. கூடத்தின் கோடி வரை கேட்டது. சுத்தியல் அதோடு நிற்காமல் ஏணியையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். செயலாளர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க ஏணியின் கதவைத் தட்டியபோது, உள்ளேயிருந்து, "நான் வீட்ல இல்லை," என்று ஏணியே சொன்னார்.

தனித்தனியாக மறுத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது கூட்டணி அமைத்துவிட்டார்கள். அந்தப் பெருமையும் செயலாளரையே சேர்ந்தது.

கடைசியாக ஒரு வழி மிச்சமிருந்தது. அதைத் தொடுவதற்கு அவருக்கே கூசியது. மூவருக்கும் முழங்கால் போய்விட்டது. அடுத்த மாதம் ஒரு மருத்துவமனை, அறக்கட்டளை கைகாட்டும் பழைய வீரர்களுக்கு இலவசமாக மூட்டு மாற்றித் தரப்போகிறது. செயலாளர் மூவரையும் தையற்கடைக்கு வரவழைத்து, தரையில் கிடந்த நூல்கண்டைப் பார்த்தபடியே பேசினார்.

"யாருக்கு முதல்ல ஆபரேஷன்னு நாங்கதான் பேர் சொல்லணும். வழக்கத்தை மதிக்கிறவங்க பேரைத்தான் சொல்லச் சொல்லி மேலிடத்துல..."

மேலிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை.

தையல் மிஷின் நின்றது. சுத்தியல் தன் முழங்காலைத் தடவிக்கொடுத்தார்.

"ஏன் தம்பி, இது உங்களுக்கே நல்லாருக்கா?"

"நல்லா இல்லைங்கய்யா. பத்து மணிக்கு வந்துடுங்க."

நான்காமவரான எண்ணெய் ஒரு தொல்லையும் தரவில்லை. அவருக்கு எதுவுமே நினைவில் இல்லை. மகள் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

பாறையின் வீடு மூன்றாம் மாடியில். நல்ல வெயில், இரவெல்லாம் வைத்திருந்த பனிக்கட்டியும் கரைந்துவிட்டது. வந்தவர்கள் துக்கத்தோடும் மூக்கைப் பொத்திக்கொண்டும் நின்றார்கள். பெட்டியின் தலைமாட்டில், நேற்றிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாத பாறையின் மனைவி, கணவரின் சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். நன்கொடையாளர் இருவரும் கேமராவைத் தயாராக வைத்திருந்தார்கள்.

எண்ணெய் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, இவனா! எந்திரிடா! ஒரு தடவையாவது நின்னு ஆடுடா!"

"அப்பாவுக்கு மறதிங்க," என்று மகள் கூனிக் குறுகினாள். "தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவாயில்லம்மா. வந்ததுல அவர் ஒருத்தர்தான் சந்தோஷமா வந்திருக்காரு," என்றார் செயலாளர்.

சடங்கு தொடங்கியது. கொக்கி பல்லைக் கடித்துக்கொண்டு, "நான் உன்னிடம் விழுந்தேன்," என்றார். ஏணி விட்டத்தைப் பார்த்துச் சொன்னார். சுத்தியலின் குரல் அவருக்கே கேட்கவில்லை. கேமரா பிடித்த நன்கொடையாளர் கேட்டுக்கொண்டதால் மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை சொன்னபோது அவர் கண்ணில் நீர் வந்தது. நன்கொடையாளர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எண்ணெய் மட்டும் சொல்லச் சொன்ன போதெல்லாம் சொன்னார், சொல்லாதபோதும் சொன்னார்.

பெட்டியைத் தூக்கினார்கள். முன்பக்கம் நெட்டையான ஏணி, பின்பக்கம் குட்டையான கொக்கி. பாறை உள்ளே சர்ரென்று கொக்கியின் பக்கம் சரிந்து வந்து மோதினார்.

"செத்தும் எம்மேலதான் வந்து விழறான்," என்றார் கொக்கி.

"ஐயா, கேமரா ஓடுது," என்று செயலாளர் கெஞ்சினார். "மெதுவா இறங்குங்க. படி குறுகல்."

முதல் திருப்பத்திலேயே எண்ணெய் கையை எடுத்துவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். பெட்டி கைப்பிடிச் சுவரில் மோதித் தொங்கியது. கூட வந்தவர்கள் பிடிக்க ஓடினார்கள். தோற்காதவர்கள் தொடக்கூடாது என்று தலைவி மேலேயிருந்து சைகை காட்டினார்.

செயலாளருக்கு அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. மரியாதைக்காக நால்வரும் தங்கள் பழைய தோல்வார்களைத் தோளில் போட்டு வந்திருந்தார்கள். அவற்றை வாங்கி, ஆளுக்கொன்றாக இடுப்பில் இறுக்கிக் கட்டி, நுனியைப் பெட்டியின் கைப்பிடியோடு முடிந்துவிட்டார்.

"இனிமே யாரும் விட நினைச்சாலும் விட முடியாது," என்றார் பெருமையாக.

இரண்டு படி இறங்கினார்கள். எண்ணெய் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். தோல்வார். பிறகு முன்னால் போய்க்கொண்டிருந்த சுத்தியலின் இடுப்பைப் பார்த்தார். அங்கேயும் தோல்வார். மனைவியின் முகமும் சொந்த வீட்டு வாசலும் மறந்துபோன மனிதருக்கு அது மட்டும் மறக்கவில்லை. கால்களை அகட்டினார். சுத்தியலின் வாரை இரண்டு கையாலும் பற்றினார். எத்தனையோ வருடமாக யாரும் பார்த்திராத சுத்தமான ஒரு பிடி.

"அப்பா! விடுப்பா!"

சுத்தியல் போனார். அவரோடு கட்டியிருந்த பெட்டி போனது. பெட்டியோடு கட்டியிருந்த ஏணியும் கொக்கியும் போனார்கள். மல்லாத்திய எண்ணெயும் கடைசியாகப் போனார். அடுத்த திருப்பத்தில் வார்கள் அறுந்தன. பெட்டி மட்டும் தனியே சறுக்கிப்போய், சுவரோரம் நிமிர்ந்து நின்றது. மூடி விலகி, பாறை நின்றவாக்கில் வெளியே பார்த்தார்.

நால்வரும் அவர் காலடியில் முதுகு தரையில் பட மல்லாந்து கிடந்தார்கள்.

"ரெண்டாவது முழங்காலும் போச்சு," என்று சுத்தியல் கூரையைப் பார்த்து முனகினார்.

மேலே நின்ற நன்கொடையாளர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "இதுவும் வழக்கமா?"

செயலாளர் தலைவியின் முகத்தைப் பார்த்தார். "ஆமாங்க... இது ரொம்பப் பழைய வழக்கம்."

பாறையின் மனைவி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். கிடப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நிற்கிற கணவரையும் பார்த்தார். பிறகு நேற்றிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாலேருந்தே இவரோட ஆட்டம் ஒண்ணு விடாம பார்த்திருக்கேன் தம்பி, இவரு இந்த நாலு பேர்ல ஒருத்தரையாவது மல்லாத்தினது இன்னிக்குத்தான்."