முட்டைக்குள் கதைத்த பிள்ளைகள்

ஐம்பத்தெட்டாம் ஆண்டு சாய்ந்தமருதில் எந்தக் கர்ப்பிணி வெளியே வந்தாலும் கையில் ஒரு முட்டை இருந்தது. பெரிய வெள்ளம் வடிந்த கையோடு ஊருக்குள் வந்த பக்கீர் முகைதீன் பாவா, வயிற்றுப் பிள்ளையோடு கதைக்கிறாராம். அந்நியப் பெண்களைப் பார்க்கவே மாட்டார், அவ்வளவு மார்க்கப் பேணுதல். திரைக்குப் பின்னால் இருப்பவள் முட்டையில் ஊதி, திரைக்கடியால் உருட்டிவிட வேண்டும். பாவா அதைக் காதில் வைத்துக் கேட்டு, பிள்ளை சொன்னதை அவளுக்குச் சொல்வார். அதை அவள் வெளியே சொன்னால் பலிக்காது. முட்டை மட்டும் திரும்பி வராது. கல்முனைச் சந்தையில் முட்டை ஏன் மலிந்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஹப்ஸாவின் முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது. இந்த முறையும் கால் வீங்கியது, அவளுக்குப் பயம். கிளினிக்கில் மருத்துவமாது கர்ப்பிணிகளை ஒன்றாகப் பாயில் இருத்தி, பிரஷர் பார்த்து, வெள்ளத்துக்குப் பிறகு பரவிய காய்ச்சலுக்குத் தடுப்பூசியும் போட்டாள். ஹப்ஸாவின் புருஷன் மீராசாஹிபு, "போய் இருந்திட்டு வா, ஊசி மட்டும் வேணாம்" என்றுவிட்டான். வயிற்றுப் பிள்ளையே ஊசி வேண்டாம் என்று பாவாவிடம் சொன்னதாம்.

பாயில் பத்துப் பெண்கள் இருந்தால் ரகசியம் எத்தனை நேரம் தாங்கும்?

"ஊசி போட்டா ஊமையாகிருவன் எண்டு எண்ட புள்ள அழுதிச்சாம்," என்றாள் சபூறா.

"எண்ட புள்ளயும் அதத்தான் சொல்லிச்சி," என்றாள் அடுத்தவள். பாய் முழுக்க அதே அழுகை.

ஹப்ஸா வீட்டுக்கு வந்ததும் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்ச பாருங்க, எல்லாப் புள்ளையும் ஒரே கதையத்தான் கதைக்குது. ஒருக்கா நீங்க திரைக்குள்ள இருந்து ஊதிப் பாருங்க."

"என்ன விசர்க் கதை புள்ள. பாவா உடனே கண்டுபிடிச்சிருவாரு."

"கண்டுபிடிச்சா நான் கிளினிக் பக்கமே போக மாட்டன்."

பாவாவின் மகிமையை நிரூபிக்கவே மீராசாஹிபு மறுநாள் போனான். தாடியும் தொந்தியுமாகத் திரைக்குப் பின்னால் குந்தி, பயபக்தியோடு ஊதி, முட்டையை உருட்டிவிட்டான். வெளியே முறைக்குக் காத்திருந்த கூட்டம் எட்டிப் பார்த்தது.

"மகள், ஆறு மாசம். ஆம்புளப் புள்ள," என்றார் பாவா. "ஊசி போட்டா ஊமையாகிருவனெண்டு அழுகுது."

திரை விலகியது.

"ஓம் பாவா," என்றான் மீராசாஹிபு. "இத நான் எந்தப் பக்கத்தால பெறுறது?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஏதோ ஜின் ஏமாற்றிவிட்டதாகப் பாவா முனகினார். பிறகு வேலியைத் தாண்டினார். அந்த வயதுக்கு நல்ல பாய்ச்சல்தான்.

அடுத்த கிளினிக் நாளில் ஹப்ஸாவை மீராசாஹிபுவே கூட்டிப்போய், ஊசி போடும் வரை வாசலில் நின்றான்.

பிறந்த பிள்ளைக்கே பேச்சு வர இரண்டு வருடம் வேண்டும். பிறக்காத பிள்ளை ஊசியைப் பற்றிக் கதைத்தது என்று நம்பிய பெரியவர்களே, உங்களுக்கு யோசனை வர எத்தனை வருடம் வேண்டும்?