சங்குமுனைக் குதிரைப்படை

உலகில் குதிரை வீரர்களை உருவாக்கிய ஊர்கள் பல உண்டு. ஆனால் அவை எல்லாம் குதிரை என்ற பிராணியை நம்பியே அந்தக் காரியத்தைச் செய்தன. ஒரு குதிரையும் இல்லாமல் பன்னிரண்டு குதிரை வீரர்களை உருவாக்கிய பெருமை, முல்லைத்தீவுக் கரையோரத்துச் சங்குமுனை ஒன்றுக்கே உரியது. அந்தப் பன்னிரண்டு பேரில் முதலாவது பெயர் மரியநேசன்.

மரியநேசனுக்கு ஐம்பத்தொரு வயது. கரைவலைச் சம்மாட்டி, அதாவது வலைக்கும் படகுக்கும் சொந்தக்காரர். முப்பது வருடமாக விடியற்காலையில் வலையை வளைத்துவிட்டு, தன் ஆட்களோடு தானும் ஒருவனாகக் கயிறு பிடித்து இழுத்தவர். குதிரையைப் பொறுத்தவரை, கோயிலில் புனித யாகப்பர் ஏறியிருக்கும் வெள்ளைக் குதிரை மட்டும்தான் அவருக்குப் பழக்கம். அது சுண்ணாம்பால் செய்தது. யாரையும் உதைத்ததாகத் தகவல் இல்லை.

இப்படிப்பட்டவர் குதிரைப்படையில் சேர்ந்தது மக்கள் பங்கேற்பினால். ஒரு பெரிய நிறுவனத்தின் இணைப்பாளர் விஜிதரன் ஊருக்கு வந்து, சனசமூக நிலையத்தில் ‘தேவைகளை இனங்காணும் கூட்டம்’ ஒன்றை நடத்தினார். படகுகளைக் கட்டவும் மீனை இறக்கவும் இடமில்லாமல் ஊர் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. மரியநேசன் எழும்பினார்.

“சேர், எங்களுக்கு ஒரு துறை வேணும்.”

“எந்தத் துறை அண்ணை?”

“எந்தத் துறையெண்டாலும் பரவாயில்லை சேர். ஏறி இறங்கக்கூடியதா இருந்தால் காணும்.”

விஜிதரன் ஒரு சொல்லும் விடாமல் எழுதிக்கொண்டார். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மக்களின் ஏகோபித்த வேண்டுகோளுக்கு இணங்கி, சங்குமுனைக்குச் சுற்றுலாத்துறை அங்கீகரிக்கப்பட்டிருந்தது. ஏறி இறங்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்றும் கேட்டிருந்தபடியால், குதிரைச் சவாரி.

கடற்கரையில் வெள்ளைக்காரர் குதிரையில் போவார்கள், ஊரவர்கள் முன்னால் வழிகாட்டிப் போவார்கள் என்பது ஏற்பாடு. குதிரைகள் இரண்டாம் கட்டத்தில் வரும். முதலாம் கட்டம், ‘சவாரியாளர் உடற்தகுதி மேம்பாடு’. தகுதியில்லாத மனிதன் ஏறினால் குதிரைக்கு முதுகு நோகும் அல்லவா. இவ்வளவு தொலைநோக்கோடு குதிரையின் முதுகைப் பற்றி யோசித்த நிறுவனத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பயிற்சியாளராக வவுனியாவிலிருந்து சுமித்திரா வந்தா. அங்கே ஒரு உடற்பயிற்சி நிலையத்தில் வேலை செய்தவா. நல்ல பிள்ளை. ‘சவாரியாளர் கைநூல்’ என்ற தடித்த புத்தகமும், நாற்பது காணொளிகள் பார்க்கக்கூடிய ஒரு டப் கணினியும் அவாவிடம் இருந்தன. முதல்நாளே எல்லாருடைய எடையையும் பார்த்து எழுதினா. பிறகு மரியநேசனின் முழங்கால்களுக்கு இடையில் ஒரு பெரிய ரப்பர் பந்தை வைத்து இறுக்கச் சொன்னா. பந்து நழுவி உருண்டது.

“அண்ணை, உங்கட உள்தொடை சரியான பலவீனம்.”

“பிள்ளை, நான் முப்பது வருசமாக் கரைவலை இழுக்கிறவன்.”

“அதுதான் பிரச்சினை. உங்களிட்டை இழுக்கிற பலம் இருக்கு, இறுக்கிற பலம் இல்லை.”

தன்னுடைய கால்களைப் பற்றி இவ்வளவு நுட்பமாக யாரும் பேசி மரியநேசன் கேட்டதில்லை. அன்று இரவு சாப்பிடும்போதும் அவர் முழங்கால்களுக்கு இடையில் ஒரு தேங்காயை இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி புனிதமலர் அதைக் கண்டும் காணாததுபோல இருந்தா. பிறகு கறிக்குத் தேங்காய் போதாமல் போனபோது அதை உருவி எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனா.

பயிற்சி காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. அதன்பின் பதினொரு மணிவரை கோட்பாட்டு வகுப்பு. மீன் கரையை அண்டி வருவதும் அந்த நேரத்தில்தான் என்பது மீனின் தவறு. பத்து மணிக்குக் காற்று எழும்பினால் வலை வளைக்க முடியாது என்பது காற்றின் தவறு. திட்டத்தில் தவறு எதுவும் இல்லை. மூன்று நாள் வராதவரின் பெயர் பட்டியலிலிருந்து வெட்டப்படும் என்பது மட்டும் ஒரு சிறிய விதி.

வன்னியில் மனிதனுக்கு உயிர் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று உடம்பில், மற்றது பட்டியலில். உடம்பிலிருந்து போனால் கோயிலில் மணியாவது அடிப்பார்கள். பட்டியலிலிருந்து போனால் வீடு, வலை, படகு இயந்திரம் என்று பின்னால் வரப்போகும் எந்தத் திட்டத்திலும் அவன் பிறக்கவே மாட்டான். அதனால் சம்மாட்டியும் வலை இழுக்கும் பதினொரு பேரும் விடியமுன் கடற்கரைக்கு வந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

காணொளி பார்த்துப் பயிற்சி செய்வது மிக நவீனமான முறை. ஒருநாள் கதிரை இல்லாமல் கதிரையில் உட்கார்ந்திருப்பதுபோல அரைக்குந்து இருக்கவேண்டியிருந்தது. டப்பில் இருந்த வெள்ளைக்காரி குந்தினாள். இவர்களும் குந்தினார்கள். அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. வெள்ளைக்காரி எழும்பவில்லை.

“எழும்பலாமோ மிஸ்?” என்று கேட்டான் டினோஜன். வலையாட்களில் அவன்தான் இளையவன்.

“அவ எழும்பட்டும்” என்றா சுமித்திரா.

பதினொரு நிமிடம் கழித்து அவள் எழும்பினாள். அவளோடு எழும்பியவர்கள் நாலு பேர். மரியநேசன் உட்பட மற்ற எட்டுப் பேரையும் தூக்கி நிமிர்த்த வேண்டியிருந்தது.

கோட்பாட்டு வகுப்பில் டினோஜன் இன்னொரு கேள்வி கேட்டான். “மிஸ், குதிரை கடிக்குமோ?”

சுமித்திரா கைநூலை முன்னும் பின்னும் புரட்டினா. பிறகு உண்மையைச் சொன்னா. “தெரியாது தம்பி. நானும் இன்னும் குதிரை பாக்கேல்லை.”

இந்த நேர்மைக்காகவே அவாவை எல்லாருக்கும் பிடித்தது.

கைநூலின் கடைசி அத்தியாயம் உணவு பற்றியது. சவாரியாளர் காலையில் ஓட்ஸ் சாப்பிடவேண்டும் என்று அதில் இருந்தது. மரியநேசன் வீட்டில் அறிவித்தார்.

“ஓட்ஸ் குதிரையின்ர சாப்பாடெல்லோ” என்றா புனிதமலர். “அதை நீங்கள் திண்டால், குதிரை வந்து என்னத்தைத் தின்னும்?”

“குதிரை ரெண்டாம் கட்டத்திலைதான் வரும்.”

“அப்ப கறி எத்தினையாம் கட்டத்திலை வரும்?”

அந்த வீட்டில் மூன்று வாரமாக மீன் வெட்டவில்லை. காலையில் ரொட்டியும் சம்பலும், பின்னேரத்தில் சம்பலும் ரொட்டியும்.

பிறகு சோழகக் காற்று வலுத்தது. ஒருநாள் அந்த ரப்பர் பந்தைக் காற்று தூக்கிக் கடலில் போட்டது. மரியநேசனும் டினோஜனும் படகைத் தள்ளிக்கொண்டு போய், அரை மைல் துரத்தி அதைப் பிடித்துவந்தார்கள். அந்த மாதம் சங்குமுனையிலிருந்து கடலுக்குப் போன படகு அது ஒன்றுதான். பிடித்துவந்ததும் அது ஒன்றைத்தான். கரைக்கு வந்தபோது வரவுப் புத்தகத்தில் இருவருக்கும் ‘பயிற்சியிடத்தில் இல்லை’ என்று விழுந்திருந்தது. மரியநேசனுக்கு அது இரண்டாவது. முதலாவது ஒரு செத்தவீட்டுக்குப் போனது.

பந்தை இனி நம்ப முடியாது என்பதால் இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு வெற்று எண்ணெய்ப் பீப்பாயை, அதாவது பரலை, கயிற்றில் தொங்கவிட்டார்கள். கைநூலின்படி அது ‘மாதிரிக் குதிரை’. ஏறுபவரை இரண்டு பேர் ஆட்ட வேண்டும். மரியநேசன் முதல் தடவை இடது பக்கம் விழுந்தார். இரண்டாம் தடவை வலது பக்கம். சமநிலையில் முன்னேற்றம் என்று சுமித்திரா எழுதினா.

அவர் பரலின் மேல் நன்றாக இருக்கப் பழகிய ஒரு காலையில்தான் பாரை மீன் வந்தது. உயரத்தில் இருந்தபடியால் அவர்தான் முதலில் கண்டார். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தண்ணீர் கறுத்து, கொதிப்பதுபோல் துள்ளியது. முப்பது வருடத்தில் நாலைந்து தடவை மட்டும் அவர் பார்த்த கூட்டம். பன்னிரண்டு பேரும் திரும்பிவிட்டார்கள்.

“முன்னுக்குப் பாருங்கோ” என்றா சுமித்திரா. “குதிரைக்காரர் பக்கத்தைப் பாக்கக்கூடாது.”

மரியநேசன் இறங்கி, வலை கிடந்த பக்கம் நடந்தார். அன்று மேற்பார்வைக்கு வந்திருந்த விஜிதரன் வரவுப் புத்தகத்தோடு பின்னால் வந்தார். கோபமே இல்லாமல், மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

“அண்ணை, உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு நாள் போட்டுது. இது மூண்டாவது. அடுத்த வருசம் இயந்திரம் குடுக்கிற கதையும் அடிபடுது. யோசிச்சுச் செய்யுங்கோ.”

மரியநேசன் யோசித்தார். யோசித்து முடிய வெகுநேரம் எடுத்தது. பிறகு திரும்பி வந்து பரலில் ஏறினார். டினோஜன் கயிற்றை ஆட்டினான். அன்று அவர் விழவேயில்லை. மீன் கூட்டம் தெற்குப் பக்கமாகக் கடந்து போய், கண்ணுக்கு மறையும் வரைக்கும் அவருடைய தொடைகள் பரலை அப்படி இறுக்கியிருந்தன.

மூன்று மாதம் முடிந்தது. கொழும்பிலிருந்து மதிப்பீட்டு அதிகாரி சிவலட்சுமி வந்தா. பந்தல் போட்டு, மாலை போட்டு, விளக்கேற்றினார்கள்.

“குதிரையள் எங்க?” என்று அவா கேட்டா.

“மேடம், இது உடற்தகுதித் திட்டம். குதிரை வேற திட்டம்” என்றார் விஜிதரன்.

இவ்வளவு தெளிவான விளக்கத்துக்குப் பிறகு கேட்க என்ன இருக்கிறது. எடை பார்க்கும் தராசைக் கொண்டுவந்து வைத்தார்கள். மரியநேசன் முதல்நாள் எண்பத்திரண்டு கிலோ இருந்தவர், இப்போது எழுபது. மற்றவர்களும் ஒன்பது, பத்து என்று குறைந்திருந்தார்கள். அதிகாரி எண்களை இரண்டு தடவை சரிபார்த்தா. இப்படியான பெறுபேறு எந்த மாவட்டத்திலும் வரவில்லை என்று சொல்லிக் கைதட்டினா. பந்தலில் இருந்தவர்களும் தட்டினார்கள். சுமித்திரா மட்டும் தட்டவில்லை. அவா அந்தப் பன்னிரண்டு பேருடைய கன்னங்களையும் அன்றுதான் முதன்முதலில் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தா.

மரியநேசனைப் பேசச் சொல்லி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள்.

“ஐயா, என்ன உணவுக் கட்டுப்பாடு கடைப்பிடிச்சனீங்கள்?” என்று அதிகாரி ஆவலோடு கேட்டா.

“நாங்கள் ஒரு கட்டுப்பாடும் போடேல்லை அம்மா” என்றார் மரியநேசன். “காலமை ஆறிலையிருந்து பதினொண்டு மட்டும் கடலுக்குப் போகக்கூடாதெண்டு இவைதான் போட்டவை. மிச்சமெல்லாம் தன்பாட்டிலை நடந்தது.”

ஒலிவாங்கியைக் கதிரையில் வைத்துவிட்டு அவர் படி இறங்கினார். “அண்ணை, போட்டோ இருக்கு” என்று விஜிதரன் பின்னால் வந்தார். “பேரை வெட்டுங்கோ தம்பி” என்றார் மரியநேசன். அதையும் கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

அடுத்தநாள் விடிய வலை வளைத்தார்கள். இழுக்கும்போது பன்னிரண்டு பேரும் மூன்று தடவை இருந்து இளைப்பாற வேண்டியிருந்தது. நாலாம் தடவை கயிற்றின் பாரம் குறைந்ததுபோல் பட, மரியநேசன் திரும்பிப் பார்த்தார். கடைசியில் சுமித்திரா கயிறு பிடித்துக்கொண்டு நின்றா. பெரிய மீன் ஒன்றும் இல்லை. சூடை இரண்டு கூடை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கறிக்குப் போதுமாயிருந்தது.

அதே காலையில் விஜிதரன் இறுதி அறிக்கையை அனுப்பிவைத்தார். மரியநேசனின் பேச்சு அதில், ‘பயனாளிகள் உணவுப் பழக்கத்தைத் தாமாகவே மாற்றிக்கொண்டனர்’ என்று பதிவாகியிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரேயொரு பரிந்துரை: ‘இத்திட்டத்தை அயல் கிராமத்துக்கும் விரிவுபடுத்துவது அவசரத் தேவை. அங்குள்ள மக்கள் இன்னும் மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள்.’