ரங்கூனுக்கு இருட்டடிப்பு

யுத்தம் என்றால் நிதி வேண்டும். நிதி என்றால் கண்காட்சி வேண்டும். கண்காட்சி என்றால் கமிட்டி வேண்டும். உலகம் இந்த ஒழுங்கில்தான் நடக்கிறது. 1942-ல் குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் மேற்படி கமிட்டியின் தலைவராக சிவனணைந்தபெருமாள் அவர்கள் எழுந்தருளினார்கள். எதிரி விமானத்துக்கு ராத்திரியில் ஊர் தெரியாதபடி விளக்குகளை அணைக்கவைக்கிற தென்காசி வட்டாரத்து இருட்டடிப்பு அதிகாரியும் அவர்தான். சர்க்கார் கொடுக்கிற ராவ் சாகிப் பட்டம் பக்கத்து ஸ்டேஷன் வரை வந்துவிட்டதாக அவருக்கு நம்பிக்கை. ஜப்பான்காரன் தென்காசிக்கா வரப்போகிறான் என்று யாராவது கேட்டால், ராஜத்துரோகியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

கண்காட்சிக்குப் படம் எழுத அகப்பட்டவன் சொரிமுத்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதுகிறவன். ரங்கூனில் குண்டு விழுந்தபோது அங்கேதான் இருந்தான். பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டுக் காடு மலையெல்லாம் நடந்து ஊர் வந்து சேர்ந்தவன். பாவம், கண்டதை அப்படியே எழுதினான். வானத்தில் ஜப்பான் விமானம், எரிகிற தெரு, ஓடுகிற ஜனங்கள், ஓரத்தில் ஒரு வீட்டு வாசலில் கையைத் தூக்கி நிற்கிற குழல்வாய்மொழி. அவள்தான் அவன் பெண்டாட்டி. அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அவள் முகம் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தச் சீலையில் மட்டும்தான்.

தலைவர் வந்து பார்த்தார்.

"என்னவே இது, ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு எரியுது?"

"ஊருன்னா விளக்கு எரியத்தானய்யா செய்யும்?"

"இருட்டடிப்பு உத்தரவு அமல்ல இருக்கையிலயா? அணைச்சுப்போடும்!"

படத்து விளக்கு வெளியே தெரிகிறதா, இல்லையா? தெரிகிறது. அப்படியானால் குற்றம்தானே! சொரிமுத்து ஜன்னல்களுக்குக் கறுப்பு அடித்தான்.

மறுநாள் தலைவருக்குத் தீ கண்ணில் பட்டது. விளக்கைவிட அதில் வெளிச்சம் ஜாஸ்தி. தீயை அணைத்தாயிற்று. தீ இல்லாதபோது ஜனங்கள் ஏன் ஓட வேண்டும்? காரணமில்லாமல் ஓடுவது பீதி கிளப்புவதாகும். அவர்களும் போனார்கள். மிச்சமிருந்த விமானமும், எதிரிக்கு நம் செலவில் விளம்பரம் எதற்கு என்று போயிற்று. அவள் ஒருத்தி இருந்தால் போதும் என்று சொரிமுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"வெளிச்சமே இல்லாத ஊர்ல இவ முகம் மட்டும் எப்படிவே தெரியுது?" என்றார் தலைவர்.

"அய்யா, கால்ல விழுதேன். அவளப் பாக்க எனக்கு வேற வழி இல்லய்யா."

"எனக்கு இரக்கம் இல்லன்னா நெனைக்கீரு? குண்டு விழுத ஊர்ல ஒரு பொம்பளய இப்படி வெளிச்சத்துல நிறுத்தி வைக்கலாமா? அவளுக்குத்தானவே ஆபத்து!"

சொரிமுத்து பிரஷைக் கீழே போட்டுவிட்டான். தலைவர் குனிந்து எடுத்து, தம் திருக்கரத்தாலேயே அவளைக் காப்பாற்றினார்.

திறப்பு விழாவுக்கு நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். அந்த வருஷம் சீசனுக்கு வந்த சீமான்களுக்குக் கறுப்புக் கண்ணாடிதான் நாகரிகம், மழையிலும் கழற்றமாட்டார்கள். கண்ணாடியும் கறுப்பு, படமும் கறுப்பு. வந்திருந்த துரை, சீலையை ஏற இறங்கப் பார்த்து "பியூட்டிஃபுல்!" என்றார். துரைக்கே தெரிந்தபிறகு நமக்குத் தெரியாமல் போகுமா? "அந்தா ஆறு!" என்றார் ஒருவர். "இந்தா கப்பல்!" என்றார் இன்னொருவர்.

சொரிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "ஓரத்துல, அங்கன ஒரு பொம்பள நிக்காளே, தெரியுதாய்யா?"

"தெரியாம என்ன? லட்சணமாயில்லா இருக்கா!" என்றார் ஜவுளிக்கடை ஆவுடையப்ப அண்ணாச்சி.

"என்ன செய்யுதா?"

"சிரிக்கா."

"ஆமாமா, சிரிக்கா" என்றோம் நாங்களும்.

சொரிமுத்து உடைந்துபோய் அழுதான். "கத்துதாய்யா! தீக்குள்ள நின்னு என்னையக் கூப்பிட்டுக் கத்துதா!"

நாங்கள் துரையின் முகத்தைப் பார்த்தோம். நல்லவேளை, தலைவர் இருந்தார்.

"கத்தட்டுமே! வெளிய கேக்குதா? ஏற்பாடு அவ்வளவு பக்கா!"

துரை கை தட்டினார். பிறகு நாங்கள் எல்லாரும் தட்டினோம். தட்டிய தட்டில் அருவிச் சத்தம்கூடக் காதில் விழவில்லை.