மௌனம் – 3

நான் என் அக்காவிடமே திருடியிருக்கிறேன். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, பார்க்க வரச்சொல்லி அக்காவையே அழைத்தும் இருக்கிறேன். இந்த அளவுக்கு மூளை உள்ள திருடனை நம் திருவாரூர் ஜில்லா அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ஓவியக் கல்லூரியிலிருந்து வெளியே வந்த புதிது. கையில் தூரிகையை வைத்துக்கொண்டு வேப்பமரம், மாட்டுவண்டி என்று வரைகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். நான் வரைவதில்லை. ஒட்டுவேன். பலகையில் முதலில் கோணிச் சாக்கு, அதன்மேல் வெள்ளைப் பசை, பசைமேல் வாய்க்கால் மண், உமி, பழைய பேப்பர், துருப்பிடித்த தகரம். எல்லாவற்றின் மேலும் வண்ணத்தை ஊற்றி, காய்வதற்குள் கரண்டியால் சுரண்டுவேன். (கரண்டி அம்மாவுடையது. அதிலேயே மறுபடி குழம்பும் ஊற்றினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.) யாராவது இது என்ன என்று கேட்டால், "பொருளுக்கு ஞாபகம் உண்டு. நான் அதைத் திறந்துவிடுகிறேன், அவ்வளவுதான்" என்பேன். இருபத்திரண்டு வயதில் இப்படியெல்லாம் வாய் வந்தது.

தஞ்சாவூரில் நாலைந்து பேர் சேர்ந்து ஓவியக் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. என்னுடைய பெரிய பலகைக்குக் கறுப்புக் கோடுகள் தேவைப்பட்டன. வண்ணத்தில் போட்டுப் பார்த்தேன், செத்த கோடாக இருந்தது. பளபளக்க வேண்டும், நெளிய வேண்டும். அப்போதுதான் ஜமீலா அக்காவின் அறையில் கேசட் டப்பா கண்ணில் பட்டது.

அக்கா எங்களோடுதான் இருந்தாள். மச்சான் சவூதியில் கட்டட வேலையில் இருந்தார். ஊருக்கு வருகிறவர்களிடம் கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவார். வீடே சுற்றி உட்கார்ந்து கேட்போம். அந்த வருடம் சாரம் சரிந்து அவர் இறந்துபோனார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அக்காவுக்கு இருபத்தாறு வயது, மடியில் இரண்டு வயது மகள். நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற இத்தாவில் அவள் இருந்தபோதுதான், கோடு பளபளக்கவில்லையே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மச்சான் பேசிய கேசட்டுகளை நான் தொடவில்லை. அந்த அளவுக்கு மனிதன்தான். சினிமாப் பாட்டு என்று எழுதியிருந்த ஒன்றைத்தான் எடுத்தேன். அக்கா தொழுதுகொண்டிருந்தாள், அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை. அறுபது நிமிடக் கேசட்டில் எங்கள் தெருவையே ஒரு தடவை அளந்துவிடுகிற நாடா இருக்கிறது. அத்தனையையும் உருவி, வெட்டி, நெளித்து ஒட்டினேன். காலிக் கூட்டையும் உடைத்து ஒரு மூலையில் பதித்தேன். தலைப்பு 'மௌனம் – 3'. (ஒன்றும் இரண்டும் கிடையாது. மூன்று என்றால்தான் ஆழமாகத் தெரியும்.)

கண்காட்சிக்கு முந்தின வாரம் இத்தா முடிந்தது. "எத்தனை நாளைக்கு இந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டிருப்பே? வாக்கா, ஒரு மாறுதலா இருக்கும்" என்று நான்தான் வற்புறுத்தி, அம்மாவையும் அவளையும் பஸ்ஸில் அழைத்துப்போனேன். மச்சான் இறந்தபிறகு அவள் வாசல்படி தாண்டியது அன்றுதான்.

திறந்துவைக்க வந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். என் பலகை முன்னால் நின்று, "இந்தக் கருங்கோடுகள் தண்ணி வராத வாய்க்கால்கள். இந்த மூலையில இருக்கிற சிவப்புப் பொட்டு அஸ்தமிக்கிற சூரியன். சரிதானே தம்பி?" என்றார்.

"ஆமாங்க ஐயா" என்றேன். எறும்பு வரிசை என்றாலும் ஆமாம் என்றிருப்பேன்.

அக்கா அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே போய் விரலால் தொட்டாள்.

"இது நான் வச்ச நகப்பாலிஷ்டா."

"எது?"

"அடையாளத்துக்கு வச்சேன். மேல பாட்டுன்னு எழுதி அனுப்பினாரு, நீங்கள்லாம் போட்டுக் கேட்டுடக் கூடாதுன்னு. எனக்கு மட்டும் பேசினது." குரலை உயர்த்தவே இல்லை. "அவரு மவுத்தானதுக்கு அப்புறம் போட்டுக் கேக்க தைரியம் வரலை. இன்னைக்கு வீட்டுக்குப் போய்க் கேக்கலாம்னு இருந்தேன்."

பேராசிரியர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் பலகையின்மேல் விழுந்து நகத்தால் நாடாவைப் பிய்க்க ஆரம்பித்தேன். சாக்கும் மண்ணும் பெயர்ந்து அவர் வேட்டியில் கொட்டின. அமைப்பாளர் ஓடிவந்தார். "தம்பி, என்ன பண்றீங்க?" நான் அழுதுகொண்டே பிய்த்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் ஒரு நிமிடம் திகைத்து, பிறகு கை தட்டினார். இதுவும் கலையின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்போல. கூடமே சேர்ந்து தட்டியது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கைதட்டல் அதற்குப் பிறகு கிடைத்ததில்லை.

பலகையை பஸ் கூரைமேல் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. இடியாப்பப் பானையை அடுப்பில் ஏற்றினாள். ஆவி பட்டால் பசை இளகும் என்று அவளுக்குத்தான் தோன்றியது. மூன்று நாள் நானும் அக்காவும் ஆவி காட்டிக் காட்டி நாடாவை உரித்தோம், துடைத்தோம், செல்லோ டேப்பால் ஒட்டுப்போட்டோம். வண்ணம் ஏறியவை துண்டு துண்டாகக் கையோடு வந்தன. பாதி வரவே இல்லை. அந்த மூன்று நாளும் அக்கா என்னோடு பேசவும் இல்லை, என்னை எழுந்துபோ என்று சொல்லவும் இல்லை.

நாலாம் நாள் மத்தியானம், வேறொரு கேசட் கூட்டுக்குள் சுற்றிப் போட்டோம். தனியாகக் கேள் என்று நானும் அம்மாவும் எழுந்தோம். "இருங்க, பயமா இருக்கு" என்றாள். உட்கார்ந்தோம்.

முதலில் கொர்ர்ர். பிறகு மச்சானின் குரல், ஆனால் புரியாத பாஷையில்.

"மாப்பிள்ளை அரபி நல்லாக் கத்துக்கிட்டாரு" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்தபடி.

அரபி இல்லை. அந்தத் துண்டை நான் தலைகீழாக ஒட்டியிருந்தேன், பேச்சு பின்னாலிருந்து முன்னால் ஓடியது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுபடி கொர்ர்ர். அப்புறம் திடீரென்று, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, தெளிவாக:

"...ஊறுகா ஒரே உப்பு ஜமீலா, வாயில வைக்க முடியலை. அம்மாகிட்ட சொல்லிடாதே, பாவம்..."

மறுபடி கொர்ர்ர். கடைசிவரை கொர்ர்ர்.

ஐந்து வருடமாக, சவூதிக்குப் போகிற ஒவ்வொருவர் பையிலும் அம்மா மாங்காய் ஊறுகாய் கட்டிக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு கேசட்டிலும் அவர் அதைப் புகழ்ந்திருக்கிறார். அம்மா மெதுவாக, "சொல்லியிருக்கலாமே மாப்ளே" என்றாள், டேப் ரிக்கார்டரைப் பார்த்து. அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள், எந்த இடத்தில் அது அழுகையானது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இறந்த செய்தி வந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

அந்தக் கேசட்டில் மற்றபடி என்ன பேசியிருந்தார் என்று பல வருடம் கழித்து ஒருமுறை கேட்டேன். "உனக்கெதுக்கு?" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். பலகையைத் தூக்கி எறிய நான் போனபோதும் விடவில்லை. "மிச்சம் அதுலதானே இருக்கு" என்று போர்வையில் சுற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

நான் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒரு பழைய பொத்தானை ஒட்டுவதென்றாலும் நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான். பொருளுக்கு ஞாபகம் உண்டு என்று இப்போதெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் யாராவது சாப்பாட்டில் முகம் சுளித்தால், பந்தி முழுக்க ஒரே குரலில், "அம்மாகிட்ட சொல்லிடாதே, பாவம்" என்று கத்தும். அம்மாவும் சேர்ந்து கத்துவாள். அக்கா மகளுக்குத்தான் அதை அச்சு அசலாக, அந்தக் கட்டைக் குரலிலேயே சொல்ல வரும். கேசட் தேய்கிறவரை போட்டுப் போட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். வீட்டுக்கெல்லாம் பேசிய கேசட்டுகள் நிறைய உண்டு; தன் அத்தா அக்காவுக்கென்று மட்டும் பேசியதில் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.