பெண்ணழைப்புக்குப் போன அம்பாசடர்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எது ரிப்பேர் ஆனாலும் காரணம் எனக்குத் தெரியும். மிக்ஸி ஓடவில்லையா, தெரியும். போரில் தண்ணீர் ஏறவில்லையா, தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இடுப்பு வலியா, அதுவும் தெரியும். நான் சொன்னது தப்பு என்று எவனாவது சொன்னால் கோபம் வரும். சரி என்று நிரூபிக்கும்வரை ஸ்பேனரைக் கீழே வைக்க மாட்டேன். (இதுவரை நிரூபித்ததில்லை என்பது வேறு விஷயம்.)

இந்த வியாதி முற்றிய நாள், என் அக்கா மகள் சுகந்தியின் பெண்ணழைப்பு.

திங்கட்கிழமை காலை சிதம்பரத்தில் முகூர்த்தம். முந்தின நாள் ஞாயிறு மத்தியானம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பெண்ணை மண்டபத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் பெண் வலது காலை மண்டபத்துக்குள் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஆறு மணிவரை வாசலிலேயே நிற்கட்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆறு மணிக்கு ரிசப்ஷன். பெண் எப்போது சேலை மாற்றுவது, எப்போது மேடை ஏறுவது?

அக்கா ஏசி கார் பேசி வைத்திருந்தாள். நான் விடவில்லை. என்னிடம் ஒரு அம்பாசடர் இருந்தது. என்னைவிட நாலு வயது மூத்தது. "பொண்ணு தாய்மாமன் வண்டியிலதான் போவும்" என்று கூடத்தில் நின்று கத்தினேன். அக்கா என் காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏசி கார்க்காரனுக்குப் போன் போட்டு வேண்டாம் என்றாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அது என்று இன்றுவரை சொல்கிறாள்.

காரின் முன்பக்கக் கிரில்லில் பாலிஷ் உரிந்து சொறி பிடித்த மாதிரி இருந்தது. அது போட்டோவில் விழக்கூடாது. பூ அலங்காரம் செய்ய வந்தவரிடம் முன்பக்கத்தை முழுசாக மூடச் சொன்னேன்.

"பானெட் மேல மட்டும் போட்டா போதும் சார், நல்லாருக்கும்" என்றார் அவர்.

"கல்யாணம் உன் வூட்லயா, என் வூட்லயா? ஒரு இஞ்ச் தெரியக்கூடாது."

அவர் 'சுகந்தி – முரளி' என்று எழுதிய தெர்மோகோல் போர்டைக் கிரில் மேல் வைத்து, நாலு பக்கமும் கட்டுக் கம்பியால் இறுக்கினார். மிச்சம் தெரிந்த இடத்தையெல்லாம் ரோஜாவும் மல்லியும் வைத்து அடைத்தார். கார் அம்மன் தேர் மாதிரி ஆகிவிட்டது. நான் பத்து போட்டோ எடுத்தேன்.

உறவுக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். காரில் நான், அக்கா, சுகந்தி மூன்று பேர்தான். இரண்டு மணிக்குக் கிளம்பினோம். மே மாத வெயில். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் மேலே போய் ஒட்டிக்கொண்டது. பானெட்டிலிருந்து புகை.

"என்னடா இது, இட்லி வேவுதா?" என்றாள் அக்கா.

"பேன் பெல்ட்டு" என்றேன். இறங்கிப் பார்த்தேன். பெல்ட் இறுக்கமாக, புத்தம் புதிதாக இருந்தது. அப்படியானால் தண்ணீர் குறைந்திருக்கும். சூடு ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது என்பது சைக்கிள் ஓட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் நேரமில்லை. துண்டைச் சுற்றித் திருகினேன். துருப்பிடித்த தண்ணீர் பீறிட்டு என் பட்டு வேட்டி முழுக்க அடித்தது. நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஒரு டவுன் பஸ் நின்றே போனது.

ஊற்றத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் கேனெல்லாம் வேனில் போய்விட்டது. காரில் இருந்தது ரிசப்ஷனுக்கு வாங்கிய பன்னீர், எட்டு பாட்டில். எட்டையும் ஊற்றினேன். வண்டி கிளம்பியது. புதுச்சத்திரத்தில் மறுபடி புகைந்தது. இந்தத் தடவை புகை கமகமவென்று மணத்தது.

"தெர்மோஸ்டாட்டு" என்று அறிவித்தேன்.

"அப்படின்னா?" என்றாள் சுகந்தி. முழு மேக்கப்போடு வேப்பமர நிழலில் நின்றிருந்தாள். பஸ்ஸில் போகிறவர்கள் கையாட்டினார்கள். பாவம், இவளும் ஆட்டினாள்.

"இன்ஜின்ல சூடான தண்ணிய ரேடியேட்டருக்குத் தொறந்து விடுற கதவு மாதிரி. அது மூடியே கெடக்கு. புடுங்கி எறிஞ்சா சரியாப் போவும்."

பிடுங்கி எறிந்தேன். நிஜமாகவே எறிந்தேன். ரோட்டோரப் பள்ளத்தில் போய் விழுந்தது. திருப்பி மூடும்போதுதான் கேஸ்கெட் கிழிந்திருப்பது தெரிந்தது. அது இல்லாமல் பூட்டினால் தண்ணீர் ஒழுகும். சுற்றிப் பார்த்தேன். சீட்டில் கல்யாணப் பத்திரிகை கிடந்தது. நல்ல தடிமன் அட்டை.

"டேய், அதுல புள்ளையார் படம் இருக்குடா!" என்று அக்கா அலறினாள்.

"புள்ளையார வுட்டுட்டுதான் வெட்றேன்!"

பெரியோர்கள் நிச்சயித்தபடி நடக்கவிருந்த கல்யாணத்தை வட்டமாக வெட்டி இன்ஜினில் வைத்துப் பூட்டினேன். பக்கத்து டீக்கடைத் தண்ணீரை ஊற்றினேன். ஒழுகவில்லை. சூடும் குறையவில்லை.

மணி மூன்றரை. இனி ஒரே காரணம்தான் பாக்கி: சலீம் பாய். போன வாரம்தான் அவர் ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுத்து மாட்டியிருந்தார். போனைப் போட்டேன்.

"பாய், நீயெல்லாம் மெக்கானிக்கா? இன்னா வேலை செஞ்ச? பொண்ணு நடுரோட்ல நிக்குது!"

"அண்ணே, கோவப்படாதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். முன்னாடி ஏதாவது..."

"முன்னாடியும் இல்ல பின்னாடியும் இல்ல!" கட் செய்தேன். அவர் திரும்பத் திரும்ப அழைத்தார். நானும் திரும்பத் திரும்பக் கட் செய்தேன். திட்டு வாங்கினவன் மன்னிப்புக் கேட்கத்தானே கூப்பிடுவான்?

உருட்டி உருட்டி பி.முட்லூர் வந்தோம். மணி நாலு. முள் மறுபடி உச்சியில். அக்கா அழ ஆரம்பித்தாள். "நான் எம்பொண்ண இட்டுக்கிட்டு பஸ்ல போறேன், நீ இந்த ஓட்டைய கட்டிப்புடிச்சிக்கிட்டுக் கெட" என்றாள். நான் வாட்டர் பம்ப்பைக் கழற்ற ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தேன். (அதைக் கழற்றியிருந்தால் சுகந்திக்கு அடுத்த முகூர்த்தத்தில்தான் கல்யாணம்.)

சுகந்தி மட்டும் காரின் முன்னால் போய் நின்று குனிந்து பார்த்தாள்.

"மாமா, எம்பேரு உருகிப்போச்சு."

"பேரு எங்கடீ உருகும்?"

வந்து பார்த்தேன். போர்டில் 'முரளி' பத்திரமாக இருந்தார். 'சுகந்தி'யில் முதல் இரண்டு எழுத்தும் குழிந்து சுருண்டு போயிருந்தன. போர்டின் பின்பக்கம் கொதிக்கிறது. மல்லிகையெல்லாம் அவித்த கீரை மாதிரி தொங்கியது. அந்த நேரம் பார்த்து பாயின் போன் வந்தது. சுகந்தி என் கையிலிருந்து பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, தயவு செஞ்சு கட் பண்ணாதீங்க. முன்னாடி கிரில்ல மறச்சு பூ, போர்டு ஏதாவது கட்டியிருக்கீங்களா? அது வழியா காத்து உள்ள போனாத்தான் ரேடியேட்டர் ஆறும். முகூர்த்த நாள்ல எனக்கு இதே போன்தான் வரும்."

சுகந்திதான் பேசினாள்.

"ஆமா பாய். எங்க மாமா காருக்கு மூக்கையும் வாயையும் பொத்திட்டு, மூச்சு ஏன் வரலன்னு ஒரு மணி நேரமா ஆபரேஷன் பண்ணிட்டு இருக்காரு."

கம்பியை அறுத்து போர்டைப் பிய்த்து எடுத்தோம். எடுத்தோம் என்ன, அவள்தான் எடுத்தாள், மருதாணிக் கையோடு. பத்து நிமிஷம் ஆறவிட்டுக் கிளப்பினேன். முள் பாதிக்கு இறங்கி அங்கேயே நின்றது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டி மண்டப வாசலில் நிறுத்தும்போது நாலு இருபத்தாறு. ஆரத்திகூட அவசர அவசரமாகத்தான் சுற்றினார்கள். சுகந்தி வலது காலை உள்ளே வைத்தாள். அக்கா கடிகாரத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சில் என் பெயர் இருந்தது.

நான் பின்னாலேயே நுழைந்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா என் வேட்டியைப் பார்த்துவிட்டு வழி மறித்தார். "மெக்கானிக்கா தம்பி? பாவம், இந்த வெயில்ல வந்திருக்க. பின்னாடி சமையல்கட்டுல டீ இருக்கு, குடிச்சிட்டுப் போ."

குடித்தேன். வேறென்ன செய்ய?

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. கரன்ட் பில்லுக்கோ, காய்கறிக்காரனிடமோ நான் குரல் உயர்த்தினால் போதும், வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள்: "மாமாவுக்கு முன்னாடி எவனோ போர்டு கட்டிட்டான், எடுங்கப்பா." எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு இன்னும் சூடு ஏறும்.

அந்தப் போர்டை மறுவீட்டுக்கு வந்தபோது சுகந்தியே கொண்டுபோய் சலீம் பாயிடம் கொடுத்துவிட்டாள். அவர் அதைக் கடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். வண்டி சூடாகிறது என்று யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறார். போன மாதம் போய், "கழட்டு அத" என்று சத்தம் போட்டேன்.

பாய் ஒரு ஸ்டூலை எடுத்து டேபிள் பேனுக்கு நேராகப் போட்டார்.

"உக்காருங்கண்ணே, கொஞ்சம் காத்து வாங்குங்க" என்றார்.