பெயிண்ட்டைப் பார்த்துக்கொண்ட கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அன்றைக்கு நடந்ததில் என்னுடைய தப்பு கால்வாசிதான். மீதி முக்கால்வாசி என் வீட்டுக்காரருடையது. (ஆறு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் முழுசும் அவருடையது என்றுதான் சொல்லியிருப்பேன். வயசாக ஆக மனசு இளகிப்போகுது, இன்னா பண்றது?)

என் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் பக்கம் அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்போம். பட்டாளத்தை விட்டு வில்லியனூர்ப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பும்போது மற்ற சொல்தாக்கள் சென்ட் பாட்டிலும் ரேடியோவும் கொண்டுவந்தார்கள். இவர் கப்பலில் ஒரு தோட்ட டிராக்டரை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். நம்மூர் டிராக்டரில் கால்வாசிதான் இருக்கும். கொய்யாத் தோப்பில் மரத்துக்கு மரம் நடுவே புகுந்து உழும். நிறம் ஆரஞ்சு. எனக்கு விவரம் தெரிந்தபோதே அது வெயிலில் வெளுத்து, பழம்பூசணி நிறத்துக்கு வந்திருந்தது. கை படும் இடமெல்லாம் தேய்ந்து இரும்பு தெரியும். பானெட்டின் இடது பக்கம், ஆணியால் கோணல்மாணலாகக் கீறிய இரண்டு எழுத்து: 'ரோசா'.

ரோசாலி அக்கா பெரியப்பாவின் ஒரே மகள். வண்டி தனக்குத்தான் என்று அக்கா ஏழு வயதில் எழுதி வைத்துவிட்டது. அதற்காகப் பெரியப்பா ஓர் அறை விட்டார். மறுநாள் ஒருவன் பெயிண்ட் டப்பாவோடு வந்து அதை மறைத்துவிடுகிறேன் என்றபோது அவனையும் விரட்டிவிட்டார். அதற்கப்புறம் அவர் சாகும் வரைக்கும் அந்த வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கவே இல்லை.

அவர் போன பிறகு டிராக்டர் பம்புசெட் கொட்டகையில் கிடந்தது. அக்கா பிரான்சில் நர்ஸ். ஒருநாள் போனில், "பிலோ, அந்த டிராக்டர பழைய இரும்புக்குப் போட்டுடட்டுமா?" என்று கேட்டது. எனக்கு வந்ததே கோபம்! நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஓர் இஞ்சினைப் பழைய இரும்பு என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது. நானே ஓட வைக்கிறேன் என்று சவால் விட்டேன்.

"ஓட வச்சிட்டா வண்டி உனக்குத்தான்" என்றது அக்கா. பிறகு, "ஆனா மேல் பெயிண்ட்டுல கை வைக்காத. அப்பா எனக்குன்னு ஒரு லெட்டர்கூட எழுதுனதில்ல பிலோ. அவுரு எனக்காக அழிக்காம வுட்டது அது ஒண்ணுதான். என் பேரு போச்சுன்னா அந்த வண்டி எனக்கும் வேணாம், உனக்கும் கெடையாது" என்றது.

சரி என்றேன். பொங்கலுக்கு அக்கா வருவதாகவும், பொங்கலன்று எங்கள் மாதா கோயிலில் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து வண்டிகளை மந்திரிக்கும்போது அந்த டிராக்டரில் உட்கார்ந்து போவதாகவும் ஏற்பாடு.

கரையாம்புத்தூர் பம்புசெட் மெக்கானிக் கோதண்டத்தைக் கூட்டிவந்தேன். பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. பிளக் ஓட்டை வழியாக டீசலை ஊற்றி ஒரு வாரம் ஊறப்போட்டோம். கார்புரேட்டருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. கோதண்டம் அதைப் பெயிண்ட் கரைக்கிற தின்னரில் கழுவினார். மிச்சத் தின்னரைப் பாட்டிலோடு கொட்டகையில் வைத்துவிட்டுப் போனார். (அந்தப் பாட்டிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) துரு உதிர, பெட்ரோல் டேங்கில் ஜல்லியைப் போட்டு நானே குலுக்கினேன். வெளிப்பக்கத்துக்கு மட்டும் என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்து, தண்ணீரில் நனைத்து, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி துடைத்தேன். அது பழைய வேட்டி இல்லை என்று அவர் இன்றும் சொல்கிறார்.

ஹேண்டில் போட்டுச் சுற்றிச் சுற்றி, பதினைந்தாவது சுற்றில் வண்டி இருமியது. இருபதாவதில் 'தடதட' என்று ஓட ஆரம்பித்தது. நான் கொட்டகையிலேயே குதித்தேன்.

"டீச்சர், இஞ்சின் வேல பாத்தாச்சு" என்றார் கோதண்டம். "இப்டியே டிங்கரிங்கும் பாத்து, பெயிண்ட்டும் பாத்துட்டோம்னா புது மாப்ள கணக்கா ஆயிடும்."

"பெயிண்ட்டத் தொட்டா கைய ஒடிப்பேன்" என்றேன். அத்தோடு விட்டேனா? தேய்ந்த பெயிண்ட் என்றால் என்ன, அதன் மதிப்பு என்ன, ஒரிஜினல் என்றால் என்ன என்று அரைமணி நேரம் பாடம் நடத்தினேன். கோதண்டம் கொட்டாவி விட்டார். என் வீட்டுக்காரர் லாரன்ஸ் மட்டும் கடைசிவரை தலையாட்டிக்கொண்டு கேட்டார். இதைத்தான் முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த மனிதருக்கு எல்லாம் தெரியும்!

பொங்கல் நெருங்கும்போது பார்த்து எனக்கு டவுனிலேயே தங்கி மூன்று நாள் பயிற்சி வகுப்பு போட்டார்கள். கடைசி நாள் மதியம் நான் திரும்ப வேண்டும், அன்று சாயங்காலம் அக்கா வந்து சேரும். கிளம்பும்போது பஸ் ஸ்டாப்பில் நின்று சொன்னேன். வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்:

"என்னங்க, வண்டிக்குக் காத்தப் பாத்துக்கோங்க, பெட்ரோலப் பாத்துக்கோங்க, முக்கியமா பெயிண்ட்டப் பாத்துக்கோங்க."

பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து வண்டியில் கழுத்தைத் தேய்க்கும். அதைத்தான் சொன்னேன். இது யாருக்குப் புரியாது? தமிழ் தெரிந்த எவருக்கும் புரியும்!

பன்னிரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் சொன்ன வேலையை அவர் சொன்ன நேரத்துக்குள் செய்து முடித்தது அந்த ஒரு தடவைதான். கொசுவலைக்கு ஆணி அடிக்கச் சொல்லி நாலு வருஷமாகக் காத்திருக்கிறவள் நான்.

பயிற்சி முடிந்து மூலக்குளம் டிராஃபிக்கில் முக்கால்மணி நேரம் வெந்து, மதியம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஒரு கிளிப்பச்சை வண்டி நின்றது. யாரோ விருந்தாளி என்று நினைத்து முந்தானையைக்கூட சரிசெய்துகொண்டேன். கிட்டே போனால் முன்னால் மஞ்சள் எழுத்தில் 'மாதா துணை'. பின்னால் 'ஆசிரியை பிலோமினா எம்.எஸ்சி., பி.எட்.' பானெட்டின் இடது பக்கம், அக்காவின் பெயர் இருந்த இடத்தில், பூசணிக்காய் அகலத்துக்கு ஒரு சிவப்பு ரோசாப்பூ. இரண்டு இலையோடு.

பையைத் திண்ணையில் வீசினேன்.

"இன்னாங்க இது?" என்று கத்தினேன்.

அவர் சிரித்த முகமாக வெளியே வந்தார். "நல்லா இருக்குதா? நம்ம சேகரு, செவுத்துல விளம்பரம் எழுதுவானே, அவன்தான். அங்க ரோசான்னு எழுதியிருந்துது இல்ல, அதான் பூவா வரையச் சொன்னேன். அக்காவுக்குப் புடிக்கும்."

"யாரக் கேட்டு அடிச்சீங்க?"

"நீதான சொன்ன. காத்தப் பாத்துக்கோன்ன, காத்து அடிச்சேன். பெட்ரோலப் பாத்துக்கோன்ன, பெட்ரோல் ஊத்துனேன். பெயிண்ட்டப் பாத்துக்கோன்ன—"

"அடப்பாவி மனுசா!"

"இல்ல பிலோ, ஆனா அது இன்னான்னா—"

"வாயத் தொறக்காதீங்க!"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அக்கா. "திண்டிவனத்துல டீ குடிக்கிறோம்டி. ஒரு மணி நேரத்துல வூட்ல இருப்போம். மொதல்ல வண்டியத்தான் பாப்பேன்" என்றது. குரலில் அப்படி ஒரு குதூகலம்.

ஒரு மணி நேரம். கொட்டகைக்கு ஓடினேன். கோதண்டம் விட்டுப்போன தின்னர் பாட்டிலை எடுத்தேன். வேட்டித் துணியில் கொட்டினேன்.

"பிலோ, ஒரு நிமிசம், அத ஊத்தாத, அது வந்து—"

"உங்களால ஒரு உபகாரமும் வேணாம். தள்ளுங்க!"

ரோசாப்பூவில் துணியை வைத்துத் தேய்த்தேன். என் ஆத்திரம் முழுசும் அந்தக் கையில் இருந்தது. துணியில் முதலில் சிவப்பு வந்தது. அப்புறம் பச்சை வந்தது. அப்புறம் ஆரஞ்சு வந்தது. ஆரஞ்சைப் பார்த்ததும், 'மாதாவே, பழைய பெயிண்ட் வந்துடுச்சு' என்று சந்தோஷப்பட்டேன். வந்துவிட்டதுதான். துணிக்கு வந்துவிட்டது. நான் அறிவியல் டீச்சர் என்பதை இந்த இடத்தில் மீண்டும் ஒருமுறை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. தின்னருக்குப் புதுப் பெயிண்ட் எது, ஐம்பது வருஷத்துப் பெயிண்ட் எது என்று பேதம் தெரியாது என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்.

கையை எடுத்துப் பார்த்தேன். பளபளவென்று வெறும் தகடு. ரோவும் இல்லை, சாவும் இல்லை.

அப்போதுதான் லாரன்ஸ் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். வண்டியின் வலது பக்கம் போய் ஒரு மக் தண்ணீரை மொண்டு ஊற்றினார். பச்சை வழிந்தது. இன்னொரு மக். மஞ்சளும் வழிந்தது. கீழே அந்தப் பழம்பூசணி ஆரஞ்சு, தேய்ந்த இடம் தேய்ந்தபடி, கீறல் கீறலாகவே, ஒரு குறையும் இல்லாமல் வெளியே வந்தது.

"பவுடர் கலரு. வஜ்ரப் பசையில கலக்கி அடிச்சது. செவுத்து விளம்பரம் மாதிரி மழ பேஞ்சா போயிடும்" என்றார். "நீ ஒரிஜினல் ஒரிஜினல்னு உயிர வுட்ட இல்ல. எனக்கும் கொழப்பமாத்தான் இருந்துது. போன் போட்டா நீ எடுக்கல. அதான் மந்திரிச்சிட்டு வந்து கழுவிக்கலாம்னு இப்டி அடிக்கச் சொன்னேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நாலு வாட்டி வாயத் தொறந்தேன்."

(மூன்று வாட்டிதான். நான் எண்ணியிருக்கிறேன். 'கழுவலாம்' என்பது ஒரே ஒரு வார்த்தை. 'இல்ல பிலோ', 'அது வந்து', 'இன்னான்னா' என்று இழுக்கிற நேரத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.)

கார் வந்து நின்றது. அக்கா பெட்டியைக்கூட எடுக்காமல் நேரே வண்டிக்கு வந்தது. வலது பக்கம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, முன்னால் 'மாதா து' மட்டும் மிச்சம் இருந்தது. எதையும் பார்க்கவில்லை. இடது பக்கம் போய்க் குனிந்து, தகட்டில் விரலை வைத்துத் தடவியது. மேலே தடவியது, கீழே தடவியது.

"எங்கடி என் பேரு?"

இங்கேதான் நான் என் வாழ்க்கையிலேயே கேவலமான காரியத்தைச் செய்தேன். கையை நீட்டி, "இவருதான்க்கா பெயிண்ட் அடிக்கவுட்டாரு" என்றேன்.

லாரன்ஸ் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "ஆமாக்கா. நான்தான் அடிக்கவுட்டேன். என் தப்புதான்" என்றார். தண்ணீரைப் பற்றியும் சொல்லவில்லை, தின்னரைப் பற்றியும் சொல்லவில்லை.

அக்கா கீழே கிடந்த துணியை எடுத்தது. மோந்து பார்த்தது. என் கையைப் பார்த்தது. என் பத்து விரலும் ஆரஞ்சாக இருந்தன.

அதற்கப்புறம் அக்கா அழுததை நான் எழுதப்போவதில்லை. ஐம்பத்தைந்து வயது மனுஷி, வண்டியின் மட்கார்டில் உட்கார்ந்து, அப்பாவைப் புதைத்த அன்றைக்கு அழுத மாதிரி அழுதது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அழ உரிமை இல்லைதான். ஆனாலும் அழுதேன். லாரன்ஸ் என்ன செய்வதென்று தெரியாமல் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். முதல் சுற்றிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. (எனக்கு இருபது சுற்று கேட்ட வண்டி!)

பொங்கலன்று அக்கா அந்த வண்டியில்தான் கோயிலுக்குப் போனது. வலது பக்கம் ஆரஞ்சு, இடது பக்கம் வெறும் இரும்பு. சாமியார் இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே தீர்த்தம் தெளித்தார்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் அக்கா அந்த வேட்டித் துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டது. துவைக்கக்கூட விடவில்லை. "என் பேரு இதுலதான இருக்குது" என்று சொல்லி மடித்துக் கைப்பையில் வைத்தது. பிறகு டிராக்டரைக் கிளப்புகிற ஹேண்டிலை எடுத்தது. நான் கையை நீட்டினேன். ஓட வைத்தவள் நான், டேங்கில் ஜல்லி குலுக்கித் தோள் வலி வந்தவள் நான். அக்கா என்னைத் தாண்டிப் போய், லாரன்ஸ் கையில் கொடுத்தது.

"வண்டி என்னுதுதான். நீங்க பாத்துக்கோங்க தம்பி."

அவர் ஹேண்டிலைப் பிடித்தபடி ரொம்பப் பவ்யமாகக் கேட்டார்: "எந்தப் 'பாத்துக்கோ'க்கா?"

வந்ததிலிருந்து அக்கா அப்போதுதான் சிரித்தது. கார் தெருமுனை திரும்பும் வரைக்கும் அந்தச் சிரிப்பு கேட்டது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது கெட்டுப்போனாலும், ரிமோட் வேலை செய்யாவிட்டாலும், யாருக்காவது காய்ச்சல் வந்தாலும், முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். "தண்ணி ஊத்திப் பாத்தியா?" என்கிறார்கள். பிரான்சிலிருந்தும் அதே கேள்விதான் வருகிறது. இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஹேண்டில் சமாச்சாரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அதை அவர் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் கேட்டு வாங்க வேண்டும்.

போன வாரம்கூடத் தோப்பு உழ வேண்டும் என்று போய் நின்றேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்:

"தப்பு எவ்ளோ?"

"கால்வாசி" என்றேன்.

பேப்பரைத் திருப்பி அடுத்த பக்கம் படிக்க ஆரம்பித்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"சரி, பாதி."

பீரோ சாவியை எடுத்துக் கொடுத்தார்.