சட்டைக் காலருக்குள் ஹார்ட் ராணி

அன்புள்ள அண்ணிக்கு (கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, இருந்தாலும் இப்போதே சொல்லிப் பழகிக்கொள்கிறேன்),

வணக்கம். இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் இடுப்பைத் தவிர. அங்கே எல்லோரும் இடுப்பு உட்பட நலமாக இருக்க வேண்டுகிறேன். எங்கள் வீட்டுச் சீட்டாட்டத்தைச் சொல்லித்தரும்படி அண்ணனிடம் கேட்டீர்களாம். அவன் போனை என்னிடம் நீட்டினான், நான் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டேன். தப்பாக நினைக்காதீர்கள். போன் என்றாலே எனக்குப் பேச்சு வராது. எட்டாவதோடு பள்ளியை விட்டதற்குப் பாதிக் காரணமே, எழுந்து பதில் சொல்லச் சொல்வார்களே என்ற பயம்தான். அதனால் எழுதுகிறேன்.

ஆட்டத்தின் பெயர் கழுதை. சீட்டு முழுவதையும் பகிர்ந்துவிட வேண்டும். ஒருவர் ஸ்பேட் இறக்கினால் மற்றவர்களும் ஸ்பேட்தான் இறக்க வேண்டும். எல்லோரும் இறக்கிவிட்டால் அதை ஒதுக்கிவிட்டு, பெரிய சீட்டு போட்டவர் அடுத்த சுற்றைத் தொடங்குவார். யாரிடமாவது ஸ்பேட் இல்லையென்றால் வேறு எதையாவது போட்டு வெட்டுவார். உடனே, பெரிய ஸ்பேட் போட்டவர் கீழே கிடப்பதை எல்லாம் அள்ளிக்கொள்ள வேண்டும். கை காலியானால் தப்பித்தோம். கடைசிவரை சீட்டோடு உட்கார்ந்திருப்பவர் கழுதை.

ஞாயிற்றுக்கிழமைக் கழுதைதான் அடுத்த வாரம் முழுக்க நம் தையல் கடையின் முன் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேச வேண்டும். மற்றவர்கள் உள்ளே நிம்மதியாக மிஷின் மிதிக்கலாம்.

இன்னொன்று, எங்கள் சீட்டுக்கட்டில் ஹார்ட் ராணி காணாமல் போயிருந்தாள். பதிலுக்கு அப்பா ஒரு அட்டையை வெட்டி, நீலச் சாக்பீஸால் ராணி என்று எழுதியிருந்தார். யார் விரலில் நீலமோ அவரிடம் ராணி. போன ஞாயிறு அது எனக்கு வந்தது. தொட்டால் விரலில் நீலம் ஒட்டிக் காட்டிக்கொடுத்துவிடுமே என்று இறக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். கடைசியில் இறக்கினால் அம்மா வெட்டிட்டாங்க. "அள்ளுடி என் தங்கம்!" நான்தான் கழுதை.

திங்கட்கிழமை ஒருத்தர் வந்து அரைக்கை நல்லாருக்குமா, முழுக்கை நல்லாருக்குமான்னு கேட்டார், ரெண்டுக்கும் தலையாட்டினேன், அண்ணன் ஒரு கை அரை, ஒரு கை முழுசா வெட்டிட்டான். அந்தச் சண்டை அடங்குறதுக்குள்ள ஒரு பஸ் கண்டக்டர் வந்து மேசை மேல ஒரு சீட்டைப் போட்டார். ஹார்ட் ராணி! காலர் முனை வரைய அப்பா அதை அளவா வச்சவர், எடுக்க மறந்து உள்ளேயே வச்சுத் தைச்சிருக்கார்.

"ஏம்மா, ஒரு பக்கக் காலர் மட்டும் எல்லாருக்கும் சலாம் போடுதேன்னு பிரிச்சா, உள்ள ஒரு பொம்பளை! என் வீட்டுக்காரி ரெண்டு நாளா பேசலை. இந்தா, நீயே சொல்லு"ன்னு போனைக் கையில திணிச்சிட்டார்.

உள்ளே மூணு மிஷினும் நின்னுபோச்சு.

"அக்கா," என்றேன். குரல் வந்துவிட்டது. "அந்த ராணி எங்க வீட்டு ராணி. தப்பு எங்கப்பா மேல. உங்க வீட்டுக்காரர் காலர்ல அவ இருந்த நேரத்துல நாங்க அட்டையை வச்சு ஆடிக்கிட்டிருந்தோம்." அந்த அக்கா சிரிச்ச சிரிப்பு மேசை வரைக்கும் கேட்டுச்சு. எனக்குத்தான் வேர்த்துப்போய் ரவிக்கை நனைஞ்சிடுச்சு.

அதனால் அண்ணி, உங்களிடம் ஒரு விண்ணப்பம். நீங்கள் நன்றாகப் பேசுவீர்களாம். ஞாயிறுதோறும் நீங்களே தோற்றுவிடுங்கள். சுலபம்தான். பெரிய சீட்டுகளை முதலிலேயே இறக்கினால் தப்பித்துவிடுவீர்கள், ஆகவே தயவுசெய்து இறக்காதீர்கள்.

உங்கள் அம்மா அப்பாவுக்கு என் வணக்கங்கள். எந்த வேலையிலும் ஊசி முறியாமல் நூல் அறாமல் நீங்கள் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
வாய் திறக்காத உங்கள் நாத்தனார்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. கண்டக்டர் வீட்டு அக்கா நாளைக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க வர்றாங்க, ஒற்றை அரைக்கைச் சட்டை கதையை அவங்களுக்கு நான்தான் சொல்லணும். நிஜ ராணி என் கைக்குத்தான் வந்தாள். கடைசிவரை இறக்கவே இல்லை. "இவளுக்கு எப்பத்தான் ஆட வருமோ"ன்னு அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள் அண்ணி. பெரிய சீட்டை முதலிலேயே இறக்கி ஜெயித்துவிடுங்கள். அந்த முன் மேசை நாற்காலி எனக்கு வேணும்.